ரீஜனலா, கார்ப்பரேட்டா? எந்த மணி எங்கே செல்லும்

அமெரிக்காவில் விமானப் பயிற்றுநர் வேலை பார்த்துக்கொண்டே 1500 பறப்பு மணியை நெருங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பெரிய ஏர்லைன்களுக்காகச் சிறு விமானங்களை ஓட்டும் ரீஜனல் ஏர்லைனில் சேர்வதா, கார்ப்பரேட் ஜெட் பக்கம் போவதா? கேட்ட கையோடு முதலாண்டுச் சம்பளத்தை ஒப்பிட்டு முடிவும் எடுத்துவிடுகிறார்கள். சம்பளம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். லாக்புக்கில், அதாவது விமானியின் பறப்புப் பதிவேட்டில், ஏறும் மணியின் வகை மாறாது. எந்த விதியின் கீழ் பறந்த மணி அடுத்த வேலையில் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் விதிப்புத்தகம் கறாராக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் எடுத்த முடிவின் வலி நாலைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

விதிகளின் பெயரை முதலில் முடித்துவிடலாம். அட்டவணை போட்டுப் பறக்கும் ஏர்லைன்கள் பார்ட் 121. வாடகைக்குப் பறக்கும் சார்ட்டர் நிறுவனங்கள் பார்ட் 135. சொந்த விமானத்தில் தன் அதிகாரிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனியின் விமானப் பிரிவு பார்ட் 91. ஒரு ஜெட்டைப் பலர் பங்கு போட்டு வாங்கி, பராமரிப்பையும் விமானிகளையும் ஒரு நிறுவனத்திடம் விட்டுவிடும் நெட்ஜெட்ஸ், ஃப்ளெக்ஸ்ஜெட் வகை பார்ட் 91-கே. பேச்சுவழக்கில் கார்ப்பரேட் என்பது கடைசி மூன்றையும் சேர்த்துத்தான். ஆனால் வேலை நேரம், சம்பளம், பாதுகாப்பு எதை எடுத்தாலும் இந்த மூன்றும் மூன்று திசை. கார்ப்பரேட்டில் நல்ல வேலை என்று யாராவது சொன்னால் எந்த பார்ட் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

1500-க்கு முன்னும் பின்னும்

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற ரீஜனல் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானத்தில் ஏறி நியூவார்க்குக்கு வேலைக்கு வந்தவர். ரீஜனல் விமானிகளின் சம்பளமும் தூக்கமும் எந்த நிலையில் இருந்தன என்று பொதுமக்களுக்குத் தெரியவந்தது அந்த விசாரணையில்தான். 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் கொண்டுவந்தது. 2013 ஆகஸ்டிலிருந்து பார்ட் 121-ல் துணை இருக்கையில் உட்காருகிறவருக்கும் ஏடிபி என்ற ஏர்லைன் விமானிச் சான்றிதழ் கட்டாயம். 2014 ஜனவரியில் பார்ட் 117 என்ற ஓய்வு விதி வந்தது: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் 8 மணி தூங்க வாய்ப்பு, 365 நாளில் 1000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது.

முழு ஏடிபிக்கு வயது 23, மணி 1500. 21 வயதில் வாங்கக்கூடிய கட்டுப்படுத்திய ஏடிபியும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத்துறை இளங்கலை முடித்தவருக்கு 1000 மணி, இரண்டாண்டுப் பட்டத்துக்கு 1250, ராணுவ விமானிக்கு 750. கல்லூரிச் செலவைக் கணக்கிடும்போது இந்த 500 மணிச் சலுகையையும் சேர்த்துப் பாருங்கள். பயிற்றுநர் வேலையில் ஏறக்குறைய முக்கால் ஆண்டு மிச்சமாகும், அந்த முக்கால் ஆண்டு, ஏர்லைனில் சேர்ந்த தேதிப்படி வரும் சீனியாரிட்டி வரிசையில் பல நூறு இடங்களாக மாறலாம்.

1500 ஆகிவிட்டது என்று விண்ணப்பித்து மாட்டிக்கொள்கிறவர்கள் வழுக்குவது மொத்த மணியில் இல்லை. இரட்டை எஞ்சின் விமானத்தில் 50 மணி வேண்டும். ஒற்றை எஞ்சினிலேயே சொல்லிக்கொடுத்தவர்களிடம் 20, 25தான் இருக்கும். முழு ஏடிபிக்கு 500 மணி தொலைதூரப் பயணம், 100 மணி இரவு, 75 மணி கருவி வழிப் பறத்தல் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது) வேண்டும். பயிற்சிக் களத்தைச் சுற்றிச் சுற்றியே மணி சேர்த்தவருக்கு இந்தத் தொலைதூரக் கணக்கு கடைசிவரை இடிக்கும். 700, 800 மணியிலேயே ஒவ்வொரு பத்தியையும் கூட்டிப் பார்த்து, குறைவதற்கு ஏற்ற மாதிரி வகுப்புகளை அமைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு முன் ஏடிபி-சிடிபி என்ற பாடம் வேறு: 30 மணி வகுப்பு, 10 மணி சிமுலேட்டர். இதைக் கைக்காசு போட்டு முடிக்க வேண்டாம். பெரும்பாலான ரீஜனல்கள் வேலைக்கு எடுத்தபின் தாங்களே அனுப்புகின்றன.

கார்ப்பரேட் பக்கம் இதற்கு முன்பே திறந்திருக்கிறது. சார்ட்டர் விமானத்தில் துணை விமானியாக வணிக உரிமமும் கருவித் தகுதியும் போதும். பார்ட் 135-ல் கருவி விதிப்படி பறக்கும் கேப்டனாக 1200 மணி. பிலாட்டஸ் பிசி-12, கிங் ஏர் ஓட்டும் சிறு சார்ட்டர் நிறுவனங்கள் இந்த 1200-ஐப் பார்த்து ஆள் எடுக்கும். ஜெட் கேப்டன் என்றால் அங்கேயும் ஏடிபி வேண்டும்.

இந்த இடத்தில்தான் லாக்புக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கிங் ஏர் 200 ஒரே விமானி ஓட்டச் சான்று பெற்றது. முதலாளி விமானத்தில் வலது இருக்கையில் உட்காரவைத்து, காசும் கொடுத்து, துணை விமானி மணி என்று எழுதிக்கொள் என்பார்கள். விமானத்தின் சான்றிதழோ, அந்தப் பயணத்துக்கான விதியோ இரண்டாம் விமானியைக் கேட்கவில்லை என்றால் அது துணை விமானி மணி ஆகாது. 300, 400 மணி இப்படி எழுதியவரின் லாக்புக்கை ஏர்லைன் நேர்முகத்தில் புரட்டும்போது முதலில் வரும் கேள்வியே இதுதான். மொத்த மணி குறைவதைவிட, எழுதத் தெரியாதவர் அல்லது நேர்மையற்றவர் என்ற பெயர்தான் பெரிய சேதம். 2018-க்குப் பிறகு எஃப்ஏஏ அனுமதித்த துணை விமானி மேம்பாட்டுத் திட்டம் வைத்திருக்கும் 135 நிறுவனமானால் அந்த மணி செல்லும். அந்த அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ரீஜனல்: எண்தான் எல்லாம்

ரீஜனல் ஏர்லைன் பயணிக்கு டிக்கெட் விற்பது குறைவு. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகியவற்றோடு கொள்திறன் ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய வண்ணத்தில், அவர்கள் எழுதும் அட்டவணைப்படி பறக்கும். எரிபொருள் செலவு பெரிய நிறுவனத்தினுடையது. பறந்த மணிக்கும் புறப்பாட்டுக்கும் ரீஜனலுக்குக் கட்டணம் வரும். ஆகவே ரீஜனல் விமானியின் தலையெழுத்து அவருடைய நிறுவனத்தின் திறமையைவிட, அந்த ஒப்பந்தம் என்று முடிகிறது என்பதில் இருக்கிறது. நேர்முகத்துக்குப் போகுமுன் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமானால் ஆண்டறிக்கையில் இருக்கும்.

விமானத்தின் அளவுக்கும் வேலி உண்டு. பெரிய நிறுவன விமானிகளின் சங்க ஒப்பந்தத்தில் உள்ள ஸ்கோப் பிரிவு, ரீஜனலுக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு புறப்பாட்டு எடை என்று எல்லை போட்டிருக்கிறது. எம்ப்ரயரின் புதிய 175-இ2 இந்த எடையைத் தாண்டுவதால் அமெரிக்க ரீஜனல் எதிலும் அது இல்லை. ரீஜனல்கள் ஓட்டும் இன்னொரு ஜெட்டான சிஆர்ஜேயின் தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது. ரீஜனல் துறை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் காகிதம். கேப்டன் பதவி எத்தனை காலியாகும் என்பதும் அதோடு போகிறது.

சம்பளம் முன்போல் இல்லை என்பது உண்மை. கோல்கன் காலத்தில் முதலாண்டுத் துணை விமானி மணிக்கு 20 டாலரை ஒட்டி வாங்கினார். ஆண்டுக்கு இருபதாயிரத்துச் சொச்சம். 2022 நடுவில் அமெரிக்கன் குழுமத்தின் என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றும் அதை 90 டாலருக்குக் கொண்டுபோயின, மற்றவை பின்னால் ஓடின. மாத உத்தரவாதம் 75 மணி என்றால் 90 பெருக்கல் 75 பெருக்கல் 12, ஆண்டுக்கு 81,000 டாலர். விளம்பரத்தில் மணிக்கு இத்தனை என்று பார்த்தால் 40 மணி வேலை வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். கதவு மூடி பிரேக் விடுவித்ததிலிருந்து திரும்ப நிறுத்தும்வரைதான் மணி ஓடும். 4 நாள் பயணத்தில் 18, 20 மணி சம்பள மணி என்பது சாதாரணம். மீதி நேரம் விமான நிலைய நாற்காலியிலும் ஓட்டல் அறையிலும் கழியும்.

சேர்ந்த நாளில் கிடைக்கும் சீனியாரிட்டி எண்தான் பேஸ் (பயணங்கள் தொடங்கி முடியும் ஊர்), விமானம், விடுமுறை, தீபாவளிக்கு வீட்டில் இருப்பது, கேப்டன் ஆவது எல்லாவற்றையும் முடிவு செய்யும். திறமைக்குத் தனி எண் கிடையாது. அந்த எண் அந்த நிறுவனத்தோடு போய்விடும். கம்ஏர் 2012-ல் மூடியது. 2020-ல் மட்டும் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் மூன்றும் மூடின. 15 ஆண்டு கேப்டனாக இருந்தவர் இன்னொரு ரீஜனலில் பட்டியலின் கடைசி ஆளாகச் சேர்ந்தார். சில நிறுவனங்கள் பழைய ஆண்டுகளைச் சம்பளத்துக்குக் கணக்கில் எடுக்கின்றன; சீனியாரிட்டிக்கு எந்த நிறுவனமும் எடுக்காது. பழைய பணி ஆண்டுகளைக் குறிக்கும் ‘லாஞ்செவிட்டி’ என்ற சொல்லை வேலைக்கெடுப்பவர் சொல்லும்போது, சம்பளத்துக்கா சீனியாரிட்டிக்கா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதனால்தான் ரீஜனலையே கடைசிவரை இருக்கும் இடமாக யாருக்கும் பரிந்துரைக்க மனம் வருவதில்லை, சம்பளம் இவ்வளவு ஏறிய பின்னும்கூட. வீட்டிலிருந்து 20 நிமிடத்தில் பேஸ், மேல்தட்டு எண், ஐம்பதைத் தாண்டிய வயது என்று மூன்றும் சேர்ந்தவர்கள் விதிவிலக்கு.

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். பார்ட் 121-ல் கேப்டன் ஆக, விதி 121.436 தனியாக 1000 மணி கேட்கிறது. ராணுவத்தில் பறந்தவர்களுக்கான சலுகையை விட்டால், அது மூன்று வகையில் மட்டும் வரலாம்: பார்ட் 121-ல் துணை விமானியாக, 91-கேயில் ஏடிபி தேவைப்படும் கேப்டனாக, அல்லது பார்ட் 135-ல் 243(ஏ)(1) பிரிவின் கீழ் கேப்டனாக. பார்ட் 91 கம்பெனி ஜெட்டில் 5000 மணி கேப்டனாகப் பறந்தவருக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம். 135 சார்ட்டரில் சைட்டேஷன் ஜெட் கேப்டன் மணி செல்லும். அதே நிறுவனத்தில் 9 இருக்கை கிங் ஏர் அல்லது பிசி-12 கேப்டன் மணி செல்லாது, ஏனென்றால் அவை வேறு உட்பிரிவில் வருகின்றன. ஜெட்டானாலும் 135-ல் துணை இருக்கை மணிக்கும் இடமில்லை. 2022, 2023-ல் ரீஜனல்களில் துணை விமானிகள் நிறைய இருந்தும் கேப்டன் பஞ்சம் வந்தது. பெரிய நிறுவனங்கள் கேப்டன்களை வாரிக்கொண்டு போக, கீழே 1000 மணி முடித்தவர் போதவில்லை. அந்தச் சமயத்தில் 135 ஜெட் கேப்டன்களை நேராகவே கேப்டனாக எடுத்து, கையில் பெரிய போனஸும் கொடுத்தார்கள். அந்தக் கதவுக்கு உரிய மணி கையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது பலித்தது.

மறுபக்கம், 1000 மணி முடிந்த அன்றே கட்டாயக் கேப்டன் பதவி வந்தவர்களும் உண்டு. சம்பளம் கூடும். ஆனால் கேப்டன் பட்டியலின் அடியில் போய் விழுவதால் மறுபடி ரிசர்வ்: கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து, அழைத்தால் 2 மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பேஸ் இருக்கும் ஊரில் குடியிருந்தால் ரிசர்வ் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். வேறு ஊரிலிருந்து விமானம் பிடித்து வருகிறவருக்கு அதுவே வாழ்க்கையை உடைக்கும். பேஸ் ஊரில் இன்னும் எட்டுப் பேரோடு வாடகை அறை, கடைசி விமானத்தில் ஜம்ப்சீட் (விமானிகளுக்கான இலவச உபரி இருக்கை) கிடைக்குமா என்ற பதற்றம், மாதத்தில் 4, 5 ஓய்வு நாள் போய்வரவே சரியாகிவிடும். மாதம் 800, 1000 டாலர் கூடக் கொடுத்தாவது பேஸ் ஊரிலேயே இருங்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் கிடைக்கக்கூடிய மிக மலிவான நல்ல யோசனை.

பெரிய நிறுவனத்துக்குப் போகும் வழி பற்றி. என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றிலிருந்தும் அமெரிக்கனுக்கு நேர்முகமின்றிச் செல்லும் ‘ஃப்ளோ’ உண்டு. எண்டெவர் டெல்டாவுக்குச் சொந்தமானது. யுனைடெட்டுக்கு ஏவியேட் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம். ஃப்ளோ உத்தரவாதம்தான், எத்தனை ஆண்டில் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனதும் மேலே யாரும் நகரவில்லை, அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது, கீழே இருந்தவர்கள் ஐந்தாறு ஆண்டு அசையாமல் உட்கார்ந்தார்கள். 2022-ல் வரிசையாக அழைத்தார்கள். 2024-ல் போயிங் விமானங்கள் தாமதமாக, சவுத்வெஸ்ட்டும் யுனைடெட்டும் புதிய வகுப்புகளை நிறுத்திவைத்தன. ஸ்பிரிட் ஏர்லைன் தன் விமானிகளை ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாத தற்காலிக வேலைநீக்கத்தில், அனுப்பியது. வேலை உறுதிக் கடிதம் கையில் வைத்துக்கொண்டு ரீஜனல் வகுப்புத் தேதிக்கு ஓராண்டு காத்திருந்தவர்கள் ஏராளம். வேலைக்கெடுப்பவர் காட்டும் ‘இத்தனை ஆண்டில் கேப்டன், இத்தனை ஆண்டில் ஃப்ளோ’ என்ற படம் போன ஆண்டு சேர்ந்தவருக்கு நடந்தது. வரும் ஆண்டுக்கு அது பொருந்த வேண்டிய அவசியமில்லை.

கார்ப்பரேட்: ஆள்தான் எல்லாம்

பங்கு ஜெட் நிறுவனங்கள் கார்ப்பரேட்டிலேயே ஏர்லைனுக்கு நெருங்கியவை. சங்கம், சீனியாரிட்டி, எழுதிய ஒப்பந்தம் எல்லாம் நெட்ஜெட்ஸில் இருக்கிறது. 7 நாள் வேலை, 7 நாள் வீடு. வீட்டருகே உள்ள விமான நிலையத்திலிருந்து விமானம் நிற்கும் ஊருக்கு டிக்கெட் நிறுவனமே எடுத்துத் தரும். ஏர்லைனில் ஊர் விட்டு ஊர் வந்து அவதிப்படுகிறவருக்கு இந்த ஒன்றே பெரிய வரம். ஏர்லைனில் 65-ல் இறங்கியாக வேண்டும். நெட்ஜெட்ஸ் அளவுள்ள நிறுவனத்துக்கு 2022 இறுதியில் வந்த சட்டம் 70 என்று வைத்தது, சிறிய 135, 91 பக்கம் வயது வரம்பே இல்லை. 45 வயதில் தொழில் மாறி வருகிறவர் இதைப் பென்சில் வைத்துக் கணக்கிட வேண்டும். ஏர்லைனில் அவருக்கு மொத்தம் 20 ஆண்டு, அதில் முதல் சில ஆண்டு ரீஜனலில் போகும். ஆனால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்: 2009 சரிவுக்குப் பிறகு நெட்ஜெட்ஸும் கிட்டத்தட்ட 500 பேரை ஃபர்லோவில் அனுப்பியது.

பார்ட் 91 கம்பெனி வேலைதான் மிக நல்லதும் மிக மோசமானதும். இரண்டு ஜெட், 7 விமானி, நேர்மையான மேலாளர், முன்கூட்டி அட்டவணை, ஆண்டுக்கு 300, 350 மணிதான் பறப்பு என்றிருந்தால் ஏர்லைன் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஒரே ஜெட், இரண்டே விமானி, முதலாளி நினைத்தபோது புறப்பாடு என்றால் விடுமுறை என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும். பார்ட் 91-ல் பணிநேர வரம்பு சட்டத்தில் இல்லை. 16, 18 மணி நேர நாள் சட்டப்படி குற்றமில்லை. ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டியது: பணிநேர வரம்பு உங்கள் இயக்கக் கையேட்டில் எழுதியிருக்கிறதா, கடைசியாக எப்போது அதைக் காட்டிப் பயணத்தை ரத்து செய்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் மௌனத்தைக் கவனியுங்கள்.

வேலையின் தன்மையும் வேறு. ஏர்லைனில் அட்டவணையாளர், தரைப்பணியாளர், எரிபொருள்காரர், உணவு என எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கார்ப்பரேட்டில் காபியும் ஐஸ் கட்டியும் நாளிதழும் வந்ததா என்று பார்ப்பது, கழிவறைத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வது, பெட்டி ஏற்றுவது, வாசலில் கார் நிற்கிறதா என்று உறுதிசெய்வது எல்லாம் விமானியின் தலையில்தான். வெளிநாட்டுப் பயணத்தில் பயணிகள் விவரத்தைச் சுங்கத் துறைக்கு மின்வழி அனுப்புவது, மேற்பறப்பு அனுமதி எண், தரையிறங்கும் ஊரில் சுங்க நேரம். இதில் ஒன்று பிசகினால் முதலாளி முன்னால் நிற்பது நீங்கள். இதை இழிவாக நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. பறத்தலே கடினமானதும் இங்கேதான்: மலைக்கிடுக்கில் ஆஸ்பென், நெரிசலில் டெட்டர்பரோ, போன வாரம் வரைக்கும் பெயர் கேட்டிராத சிறு ஓடுதளம், எல்லாம் ஒரே வாரத்தில் வரும்.

வேலையின் ஆயுள் கம்பெனியின் லாபக்கணக்கில் இருக்கிறது. 2008 நவம்பரில் மூன்று கார் நிறுவனத் தலைவர்கள் அரசிடம் கடன் கேட்கத் தனி ஜெட்டில் வாஷிங்டன் போனார்கள். எழுந்த கோபத்தில் அந்த நிறுவனங்கள் மட்டுமல்ல, பலவும் தங்கள் விமானப் பிரிவைச் சுருக்கின, மூடின. தலைவர் மாறினாலோ, நிறுவனம் கைமாறினாலோ முதலில் விற்கப்படுவது ஜெட். ஏர்லைன் ஃபர்லோவுக்கு முன் அறிவிப்பு உண்டு, திரும்ப அழைக்கும் உரிமை உண்டு. இங்கே வெள்ளிக்கிழமை மாலை ஒரு கூட்டம், அத்தோடு முடிந்தது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைக்காமல் ஒற்றை ஜெட் வேலைக்குப் போகாதீர்கள்.

பார்ட் 135 சார்ட்டரில் சட்ட வரம்பு உண்டு. இரு விமானி என்றால் 24 மணி நேரத்தில் 10 மணி பறப்பு, ஆண்டுக்கு 1400, காலாண்டுக்குக் குறைந்தது 13 முழுநாள் ஓய்வு. இதில் நடக்கும் ஏமாற்று பழையது: 24 மணி நேரமும் கைப்பேசியை எடுக்கச் சொல்லிவிட்டு, அழைக்காத நேரத்தை ஓய்வு என்று எழுதுவார்கள். எஃப்ஏஏ விளக்கங்கள் தெளிவு: முன்கூட்டியே தெரிந்து, பணிப்பொறுப்பு எதுவுமின்றி இருந்தால்தான் ஓய்வு. அழைப்பை எடுத்தாக வேண்டிய நேரம் ஓய்வாகாது.

அதைவிட ஆபத்து, சார்ட்டர் உரிமம் இல்லாமல் நடக்கும் சார்ட்டர். விமானத்தையும் விமானியையும் ஒரே ஆள் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டு, காகிதத்தில் வெறும் குத்தகை என்று எழுதியிருப்பார். பிடிபட்டால் விமானியின் சான்றிதழும் போகும். விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும். கண்டுபிடிப்பது கடினமில்லை. வாடகைப் பயணம் என்றால், அந்த நிறுவனத்தின் பெயரில் உங்களுக்கு 8410-3 என்ற எஃப்ஏஏ படிவத்தில் விமானித் தேர்வு நடந்திருக்க வேண்டும், அந்த விமானத்தின் பதிவெண் அவர்களுடைய டி085 என்ற, அனுமதி பெற்ற விமானங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள். கேட்டதற்கே முகம் மாறினால் இடத்தைக் காலி செய்யுங்கள்.

நாள் கூலிக்கு ஒப்பந்த விமானியாகப் பறப்பவர்களும் உண்டு. ஒருநாள் தொகை கவர்ச்சியாக இருக்கும். அதில் 15.3 விழுக்காடு சுயதொழில் வரி, மருத்துவக் காப்பீடு, ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சி எல்லாம் உங்கள் கையிலிருந்து. ஓய்வுக்கால நிதியும் அப்படித்தான்; பெரிய ஏர்லைன்கள் சம்பளத்தின்மேல் 16 முதல் 18 விழுக்காடு தாங்களே போடுகின்றன. கார்ப்பரேட் சம்பளத்தை ஏர்லைனோடு ஒப்பிடும்போது இந்த ஓய்வுக்கால நிதியை விட்டுவிட்டுத்தான் பலர் கூட்டுகிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட ஜெட் வகையை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சி சிறு சைட்டேஷனுக்கே பல ஆயிரம் டாலர், பெரிய கல்ஃப்ஸ்ட்ரீமுக்குப் பல பத்தாயிரம். அதனால் 12 அல்லது 24 மாதம் இருந்தாக வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். மாதத்துக்கு மாதம் தொகை குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத்தொகையா? அவர்களே வேலையை விட்டு நீக்கினாலும், ஜெட்டை விற்றுவிட்டாலும் கட்ட வேண்டுமா? இந்த இரண்டு வரியும் உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருத்துவார்கள், ஏனென்றால் கேட்கிறவர் குறைவு.

எந்த வயதில், எந்த வழி

இருபதுகளில் இருப்பவர், பெரிய நிறுவனம்தான் இலக்கு, ரீஜனல் வகுப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் என்றால் ரீஜனல். யோசிக்க ஒன்றுமில்லை. வகுப்புத் தேதி ஓராண்டு தள்ளி என்றால், அந்த இடைவெளியில் பயிற்றுநராகவே உட்கார்ந்திருப்பதைவிட 135 ஜெட் நிறுவனம் நல்லது, கேப்டன் இருக்கைக்குச் சீக்கிரம் கொண்டுபோகிற இடமாக இருந்தால். கிங் ஏரில் மாட்டிக்கொண்டால் மணி ஏறும், 1000-ல் ஒன்றும் குறையாது. நாற்பதைத் தாண்டி வருகிறவர், குடும்பம் ஓர் ஊரில் வேரூன்றியிருக்கிறது, அந்த ஊரில் எந்த ரீஜனலுக்கும் பேஸ் இல்லை என்றால் பங்கு ஜெட் நிறுவனத்தை முதலில் பாருங்கள்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை விமானி ஆக வேண்டும் என்றதும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பள்ளிப் பருவத்தில் ஏடிஎச்டி என்று எழுதி மருந்து கொடுத்த பழைய குறிப்பு ஒன்றே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடும். மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து படிப்பவருக்கு இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பொருந்தாது. ரீஜனல்கள் அமெரிக்காவில் கட்டுப்பாடின்றி வேலைபார்க்கும் உரிமையை எதிர்பார்க்கின்றன, கிரீன் கார்டு இல்லாமல் பெரும்பாலும் விண்ணப்பமே நகராது.

இரண்டு பக்கமும் போய்வருவதில் தவறில்லை, நிறையப் பேர் போகிறார்கள். கார்ப்பரேட் வேலை விளம்பரத்தில் வருவது குறைவு. சிமுலேட்டர் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரோ, ஹேங்கரில் பழகியவரோ கூப்பிட்டால்தான் வரும். ஏர்லைனுக்கு அது தேவையில்லை, காகிதம் சுத்தமாக இருந்தால் போதும். எஃப்ஏஏவின் விமானி ஆவணத் தரவுத்தளத்தில் தோற்ற தேர்வுகளும் பயிற்சிக் குறைகளும் ஏறி நிற்கின்றன, அவற்றை மறைக்க முயல்வது தோற்றதைவிடக் கெடுதல். கம்பெனி ஜெட் பிரிவு மூடிவிட்டால் பயிற்சிப் பதிவுகளைத் தேடித்தர ஆளிருக்காது. ஆகவே ஒவ்வொரு சிமுலேட்டர் சான்றிதழையும், 61.58 விதிப்படியான கேப்டன் தேர்வுத் தாளையும், 8410-3 படிவத்தையும் வாங்கிய அன்றே படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மின் லாக்புக்கில் மூன்று தனிப் பத்தி திறந்துகொள்ளுங்கள்: 121 துணை விமானி, 135 ஜெட் கேப்டன், 91-கே கேப்டன். ஆறு ஆண்டு கழித்துப் பழைய பயணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உட்காருவது, அதுவும் விண்ணப்பம் மூட இரண்டு நாள் இருக்கும்போது, சாதாரண வேலை இல்லை.